தலைக்கட்டில் வராத வீடுகள்

ஊராட்சியில் தண்ணீர் விடும் வேலைக்கு எனக்குப் பிறகு வந்தவள் ரேவதி. ஒன்றிய அலுவலகத்தில் அவளைப் போன்றவர்களுக்கு ஏதோ பயிற்சி வைத்திருக்கிறார்கள். விலைவாசி இப்படி ஏறிக்கொண்டே போகிறதே, ஊராட்சி தன் ஜனங்களுக்கு என்ன செய்து கொடுக்கலாம் என்று ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்களாம். அவள் நேராக என் வீட்டுக்கு வந்து, "யக்கா, நீயா இருந்தா இன்னா எழுதுவ?" என்றாள். இரண்டு பக்கத்துக்குள் பேச எனக்கு வராது. நான் மூன்றாம் வகுப்பு வரைதான். கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப்பெயர் படிப்பேன். அதற்கு மேல் எழுத உட்கார்ந்தால் விரல் மரத்துப்போகும். அதனால் நான் சொன்னேன், அவள் எழுதினாள். எழுத்தில் தப்பு இருந்தால் அது அவளுடையது. சொன்னதில் தப்பு இருக்காது.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரியின் ஓரத்தில் மணலில் இருக்கிறது. எங்கே தோண்டினாலும் உப்பு. அடிபம்புத் தண்ணீரில் துணி துவைக்கலாம், பாத்திரம் கழுவலாம். குடிக்க முடியாது. பருப்பு போட்டால் வேகாது, எவ்வளவு எரித்தாலும் கல்லாகவே நிற்கும். நல்ல தண்ணீர் காட்டூர்ப் பக்கம் வயல்வெளியில் இருக்கிறது. அங்கே ஊராட்சி ஒரு போர் போட்டு, குழாய் புதைத்து, எங்கள் குப்பத்தில் ஒரு மேல்தொட்டி கட்டியது. அந்தத் தொட்டியில் நீர் ஏற்றித் தெருத் தெருவாகத் திறந்துவிடுவதுதான் என் வேலையாக இருந்தது. என் பெயர் அஞ்சலை. ஊரில் கேட்டால் தண்ணியம்மா என்பார்கள்.

எனக்கு முன்னால் இருந்த ஆள் சம்பளம் பற்றவில்லை என்று விட்டுவிட்டுப் போனார். ஆண்கள் யாரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போய் நான் இறால் உரித்துப் பிழைத்துக்கொண்டிருந்த காலம். நான் கேட்டேன். "ஏணி ஏறுவியா?" என்றார்கள். அங்கேயே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உச்சிவரை ஏறி, இறங்கி வந்து நின்றேன். அதுதான் எனக்கு நேர்முகத் தேர்வு. மற்றதெல்லாம் செய்து செய்து வந்தது.

தண்ணீர் விடுவது குழாயைத் திருப்புவது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. காட்டூரில் மும்முனைக் கரண்ட் வரும் நேரம் பார்த்து மோட்டார்காரருக்குப் போன் போட வேண்டும். அவர் போட்ட பிறகு குழாயில் முதலில் காற்றுதான் வரும். புஸ்ஸென்று இரைந்து, பிறகு துப்பி, பிறகுதான் தண்ணீர். தொட்டி நிறைவதற்குள் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, அடியில் சுண்ணாம்பு தங்கவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறி ஊற்ற வேண்டும். கலங்கலோடு ஊற்றினால் ஜனங்கள் முகம் சுளிப்பார்கள், அப்புறம் அந்தத் தண்ணீரைத் தொடமாட்டார்கள். ஊற்றிய உடனே திறக்கவும் கூடாது, மருந்து வேலை செய்ய நேரம் விட வேண்டும். அப்புறம் வால்வுக் குழி. மூடியைத் தூக்கினால் உள்ளே மணல் இருக்கும், சில நாள் நண்டு இருக்கும். அதை வாரி எறிந்துவிட்டு, இரும்புச் சாவியைக் கொடுத்துக் கால் சுற்று, கால் சுற்றாகத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் பழைய குழாய் எங்காவது வெடிக்கும். கடைசியாகக் கிழக்குக் கோடிக் குழாயில் கொஞ்சம் பிடித்து, பிளீச்சிங் அங்கேவரை சேர்ந்ததா என்று சோதனை மருந்தில் ஒரு துளி விட்டுப் பார்ப்பேன். இளமஞ்சள் வந்தால் சரி. நான் இருந்தவரைக்கும் எங்கள் குப்பத்தில் தண்ணீரால் வயிற்றுப்போக்கு என்று ஒருவரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இதை நான் பெருமையாகவே சொல்வேன்.

எனக்கு மேல் ஊராட்சிச் செயலர் நாகராஜ் சார். ஏரியை விட்டு உள்ளே, நெல் விளையும் ஊர்க்காரர். அவர் ஒரு மாதிரி ஆள். நாம் நின்றுகொண்டு பேசினால் அவர் உட்கார மாட்டார், எழுந்து நின்றுகொள்வார். நாற்காலியை நம் பக்கம் தள்ளுவார், நாம் உட்கார்ந்த பிறகும் நிற்பார். மேசைமேல் ஒரு பழைய துண்டு இருக்கும். நாம் சொல்வதைக் கேட்டுக்கொண்டே மேசையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை நிதானமாகத் துடைப்பார். துடைத்து முடிக்கும்போது நம் பேச்சும் முடிந்திருக்கும். பிறகு, "பாக்கலாம்மா" என்பார். முடியாது என்று அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. ஆரம்பத்தில், இந்த மனிதர் எதுவும் செய்ய மாட்டார் என்று நினைத்தேன். அது உண்மையில்லை. செய்வார். சட்டத்தில் எந்த வழி போக வேண்டுமோ அந்த வழியே, அது எவ்வளவு சுற்று வழியானாலும், அதிலேயேதான் போவார்.

தலைவர் கஸ்தூரி. எங்கள் குப்பத்துப் பெண்தான். பெண்களுக்கு ஒதுக்கிய முறையில் நின்று ஜெயித்தாள். மீன் கூடை தூக்கினவள், யாருக்கும் பயப்படமாட்டாள்.

விலைவாசி ஏறியது எல்லா ஊரிலும்தான். எங்களுக்கு அதோடு ஏரியில் இறாலும் குறைந்தது. எண்ணெய், அரிசி, சிலிண்டர், படகுக்கு டீசல், எல்லாம் மேலே போக, பிடிபடுவது கீழே போயிற்று. போர்த் தண்ணீரும் அந்த வருஷம் குறைந்து, தெருக் குழாயில் எப்போது வரும் எப்போது நிற்கும் என்று தெரியாமல் போனதால், ஜனங்கள் கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்தார்கள். காலையில் கேன் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வரும். சோறு வாங்கக் காசில்லாத வீடும் கேனுக்குக் காசு எடுத்து வைத்தது. குழாயடியில் தினமும் சண்டை. ஒருத்திக்கு மண்டை உடைந்து தையல் போட்டார்கள்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மேற்கொண்டு நடந்தது விளங்காது.

ஏரியில் நன்றாகப் பிடிபடும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டினால் யாருக்கும் மிஞ்சாது. அதனால் ஊரை மூன்று கூட்டமாகப் பிரித்து, இன்று நீ, நாளை நான் என்று முறை வைத்திருக்கிறோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர், முறை வருகிற கூட்டத்தையும் பாடு என்றே சொல்வோம். பாடு தலைக்கட்டுக்குத்தான் உண்டு. கல்யாணம் ஆகித் தொழிலுக்குப் போகிற ஆண் இருக்கும் வீடு ஒரு தலைக்கட்டு. கோயில் திருவிழாவோ ஊர்ப் பொதுச் செலவோ எதுவானாலும் வரி கட்டுவதும் தலைக்கட்டுதான். ஆண் இல்லாத வீட்டைத் தலைக்கட்டில் சேர்ப்பதில்லை. அது அவர்களைத் தள்ளிவைப்பது இல்லை. பாவம், அவர்களிடம் போய் வரி கேட்பதா என்று விட்டுவைப்பது. நான் தாலி அறுத்த அன்றிலிருந்து என்னிடமும் யாரும் வரி கேட்டதில்லை. இது ஊராட்சி சமாச்சாரம் இல்லை, ஊர்க்கூட்டத்துச் சமாச்சாரம். அதற்குப் பெரியவர் மூர்த்தி. நல்ல மனிதர்.

விலைவாசி ஏறின அந்தச் சமயத்தில் ஊர்க்கூட்டத்தில் சேகர் என்ற பையன் எழுந்து நின்றான். கிழக்குக் கோடி வீடு. தேசம்மா புருஷன். அவன் தெற்கே கம்பெனிப் பக்கம் காண்ட்ராக்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். இருட்டோடு வேன் ஏறினால் இருட்டித்தான் வருவான். பாட்டுக்குப் போக முடியாது, போகாத பாட்டுக்கு வரி கட்டவும் கையில் இல்லை. தலைக்கட்டிலிருந்து என்னை இறக்கிவிடுங்கள் என்று கேட்டான். பெரியவர் மூர்த்தி, "புள்ள கஷ்டத்துல கீறான், இறக்கி விடுங்கப்பா" என்றார். ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. பாக்கியையும் கேட்கவில்லை. அன்றைக்குத் தேசம்மா என் வீட்டு வழியாகப் போகும்போது, "யக்கா, ஒரு பாரம் எறங்கிச்சுக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் சந்தோஷப்பட்டேன். கஷ்டப்படுகிறவனுக்கு ஊர் செய்ய வேண்டியதை ஊர் செய்தது.

அடுத்து கிராம சபை. புயல் பாதுகாப்பு மையத்தில் கூடினோம். கஸ்தூரி எழுந்து சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "ஊராட்சியால உங்களுக்குச் சம்பளம் குடுக்க முடியாது. அரிசி வெலய எறக்க முடியாது. நீங்க காசு குடுத்து வாங்குறதுல ஏதோ ஒண்ண வாங்காத மாதிரி பண்ண முடியும். அது தண்ணி." போரை ஆழப்படுத்தலாம், இருக்கிற தண்ணீரைச் சண்டை இல்லாமல் பங்கு போட்டால் கேன் வாங்க வேண்டியதில்லை என்றாள். எப்படிப் பங்கு போடுவது என்று கேட்டார் நாகராஜ் சார். யாரோ பின்னாலிருந்து, "பாட்டு முறையில வுடுங்க" என்றார்கள். எல்லோர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. எங்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த முறை. ஏரியையே அதில் பங்கு போடுகிறோம், ஒரு தொட்டித் தண்ணீரைப் போட முடியாதா? முதல் நாள் முதல் பாடு, அடுத்த நாள் அடுத்த பாடு, மூன்றாம் நாள் மூன்றாம் பாடு. அவரவர் பாட்டு நாளில் அந்த வீட்டுப் பெண்கள் மூன்று நாளைக்கும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டியது. தீர்மானம் போட்டுக் கையெழுத்தும் வாங்கினார்கள். நானும் போட்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, அது நன்றாக நடந்தது. குழாயடியில் சத்தமே இல்லை. இன்றைக்கு யார் பாடு என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த பாட்டுக்காரி எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். கேன் வண்டி எங்கள் தெருவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டது. ஒருத்தி கேனுக்குப் போன காசில் பெண்ணுக்குச் செருப்பு வாங்கினாள். ஒருத்தி அடகு வைத்த கம்மலை மீட்டாள். பக்கத்துக் குப்பங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மற்ற ஊர்த் தலைவர்களிடம் கஸ்தூரி இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதல் பாட்டு நாளில் தேசம்மா குடத்தோடு வந்து நின்றாள். பெண்கள், உனக்கு நாளைக்காக இருக்கும் என்றார்கள், அன்பாகத்தான். மறுநாள் வந்தாள். நம்ம கூட்டத்தில் சேகர் பேர் இல்லையே, நாளைக்குப் பாரு என்றார்கள். மூன்றாம் நாளும் வந்தாள். அந்தக் கூட்டத்திலும் இல்லை. அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. ஒருத்தரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஊரை எப்போதும் எப்படி எண்ணுவோமோ அப்படி எண்ணினோம். வரி கட்டாதவர்களை எண்ணி எங்களுக்குப் பழக்கம் இல்லை. தேசம்மா கையில் குடத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, எனக்கு எந்த நாளு?"

எனக்குத் தெரியாது.

எனக்கும்தான் பாடு கிடையாது. வால்வு திறக்கிறவளிடம் யார் கேட்பார்கள்? நான் மருந்து பார்க்கப் பிடிக்கிற குழாயில் என் குடத்தையும் பிடித்துக்கொண்டேன். தாலி அறுத்த மற்ற பெண்களுக்கு மகன் வீடு, தம்பி வீடு என்று ஏதோ ஒரு பாட்டு நாளில் தண்ணீர் வந்தது. ஒரு பக்கமும் ஒட்டாமல் நின்றவை கிழக்குக் கோடியில் சில வீடுகள். அதிலும் புருஷன் இருந்தும் பாடு இல்லாதவள் தேசம்மா ஒருத்திதான்.

வால்வை மூடிய பிறகும் குழாயில் கொஞ்சம் வடியும். அந்த வடிகிற தண்ணீரை இவர்கள் பிடித்துக்கொள்ளட்டும் என்று பேச்சில்லாமலே ஒரு வழக்கம் வந்தது. எல்லோரும் போன பிறகு தேசம்மா வந்து குடத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தியிருப்பாள். சொட்டுச் சொட்டாக விழும். சில நாள் அரைக் குடம், சில நாள் அதுவும் இல்லை. இரண்டு பெண்பிள்ளைகள் வீட்டில்.

ஒருநாள் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டாள். சின்னவளுக்கு ஜுரம், ஒரு குடம் கொடுங்கள் என்று கேட்டாள். அப்படிக் கேட்கிற பெண் இல்லை அவள். வரிசையில் இருந்த மல்லிகா கெட்டவள் இல்லை, அன்றைக்கு அவளுக்கு என்ன கோபமோ, குடத்தை நகர்த்தாமலே சொன்னாள்:

"வரி குடுக்க சொல்ல எறங்கிகினீங்க. தண்ணிக்கு மட்டும் ஏறிக்குவீங்களா?"

சிலர் சிரித்தார்கள். தேசம்மா குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். காலிக் குடத்தை யாரும் அப்படி இடுப்பில் வைத்துப் போகமாட்டார்கள், கையில்தான் தொங்கவிடுவார்கள். நான் சாவியைக் கொடுத்து வால்வை மூடினேன். பாதிப் பேருக்கு நிறையவில்லை. "இன்னா தண்ணியம்மா, மூடிட்ட?" என்றார்கள். உங்க பாடு முடிஞ்சிது, போங்க என்றேன்.

புகார் போயிற்று. நாகராஜ் சார் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலியைத் தள்ளினார். நான் உட்காரவில்லை. அவரும் நின்றார். இருவரும் நின்றுகொண்டே பேசினோம். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். துண்டை எடுத்து மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் சொன்னார்: "வால்வ மூடினது தப்புமா. மூடினதுக்கான காரணம் தப்பில்ல."

இது அரசாங்கத் தண்ணீர், ஊர்க்கூட்டத்து முறையில் எப்படிப் பங்கு போடலாம் என்று நீங்கள்தானே அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும் என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. சண்டை நிற்கிறதே என்று நானும் மயங்கிவிட்டேன் அம்மா என்றார். அடுத்த நாள் விடியலில் குடையை ஊன்றிக்கொண்டு குழாயடிக்கு வந்து, தண்ணீர் திறந்ததிலிருந்து கடைசிச் சொட்டு வரை ஓரமாக நின்று பார்த்தார். போகும்போது என்னிடம், கிராம சபை போட்ட தீர்மானத்தைக் கிராம சபைதான் மாற்ற முடியும், நான் மாற்றினால் நாளைக்கு யாராவது கேட்டு இருக்கிற ஏற்பாடும் போய்விடும் என்றார். அடுத்த சபை சுதந்திர தினத்தில். அதுவரை என்று கேட்டேன்.

"பாக்கலாம்மா."

பார்த்தார். டிராக்டர் தொட்டியில் கிழக்குக் கோடிக்கு மட்டும் தண்ணீர் அனுப்ப ஏற்பாடு செய்தார். இரண்டு தடவை வந்தது. மூன்றாம் தடவை மணலில் சக்கரம் புதைந்து, ஆட்கள் கூடித் தள்ளி வெளியே எடுத்தார்கள். அதற்குப் பிறகு வண்டிக்காரர் வரவில்லை. கஸ்தூரி தன் கைக்காசைப் போட்டு அந்த வீடுகளுக்குக் கேன் அனுப்பினாள். அவளுக்கும் எத்தனை நாள் முடியும்?

இதற்கு நடுவில் சேகருக்குக் காண்ட்ராக்ட் முடிந்து வேலை நின்றது. பாட்டுக்குள் திரும்பச் சேர வேண்டுமென்றால் அடுத்த முறை பிரிக்கும் வரை காத்திருக்க வேண்டும். அதுவரைக்கும் யார் படகிலாவது கூலிப் பங்குக்குப் போனான். இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தேசம்மா அடிபம்புத் தண்ணீரில் சமைக்க ஆரம்பித்தாள். சொன்னேனே, பருப்பு வேகாது. ஒரு சிலிண்டர் வழக்கமாக வரும் நாளில் பாதியிலேயே தீர்ந்தது. அப்புறம் சவுக்குச் சுள்ளி பொறுக்கி எரித்தாள். சோறு பழுப்பாக வரும், உப்புக் கரிக்கும். பெரியவள் தட்டைத் தள்ளிவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள், அங்கே போடுகிற சாப்பாட்டுக்காகக் காத்திருப்பாள்.

நான் ஒரு குடம் கொண்டுபோய் வைத்தேன். அன்றைக்கு வாங்கிக்கொண்டாள். இரண்டாம் நாள் கொண்டுபோனபோது வாசலிலேயே நிறுத்தினாள்.

"யக்கா, கொண்டாந்து குடுக்காத. உன் வேல தண்ணி வுடுறது. எங்களுக்கும் வுடு."

குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அவள் கேட்டதில் என்ன தப்பு? பிச்சையாக வந்தால் வேண்டாம், முறையாக வந்தால் போதும் என்கிறாள். அந்த ஊரிலேயே இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை. பிறந்த வீடும் இதே குப்பம்தான். ஏரியைப் பார்க்காமல் அவள் ஒரு நாள் இருந்ததில்லை.

சுதந்திர தினத்துக்குக் கொஞ்சம் நாள் இருக்கும்போது ஷேர் ஆட்டோ கிழக்குக் கோடிக்கு வந்தது. நான் தொட்டிமேல் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். மேலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். பாய், அடுப்பு, காலிச் சிலிண்டர், குடங்களை ஒன்றுக்குள் ஒன்று போட்டுக் கட்டி வைத்தார்கள். சேகர் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். நான் இறங்கி ஓடி வருவதற்குள் வண்டி குழாயடி வரை வந்துவிட்டது. தேசம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

இன்னும் கொஞ்ச நாள், சபையில் பேசிவிடுவார்கள் என்றேன்.

"பேசட்டும்க்கா. புள்ளைங்களுக்கு வயித்துல வலி. எவ்ளோ நாளுனு பாக்குறது?" என்றாள். பிறகு, "போய்ட்டு வரேன்" என்றாள். போகிறேன் என்று சொல்லவில்லை. அதை நான் பிடித்துக்கொண்டேன்.

கிராம சபையில் நாகராஜ் சார் பேசினார். அவர் சபையில் பேசுவதே அபூர்வம். ஊர் தலைக்கட்டை எண்ணுவது ஊர் விஷயம், அதில் ஊராட்சி தலையிடாது. ஆனால் ஊராட்சித் தண்ணீரை அடுப்பை எண்ணித்தான் பங்கு போட வேண்டும், எந்த வீட்டில் அடுப்பு எரிகிறதோ அந்த வீட்டுக்கு ஒரு நாள் உண்டு என்றார். பெரியவர் மூர்த்தி எழுந்தார். எதிர்த்துப் பேசப் போகிறார் என்று எல்லோரும் பார்த்தோம். அவர் மெதுவாக, "பாரம் எறக்குறோம்னு நெனச்சோம். ஆளையே எறக்கிட்டோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பாடு இல்லாத வீடுகளுக்கு நாலாவதாக ஒரு பாடு என்று தீர்மானம் ஆயிற்று. மல்லிகாதான் முதலில் கை தூக்கினாள். அதையும் சொல்ல வேண்டும்.

ரேவதி, உன் இரண்டு பக்கத்துக்கு வேண்டியது இதுதான். எழுதிக்கொள். ஜனம் காசு கொடுத்து வாங்குவதில் ஒன்றை ஊராட்சி கொடுத்தால் அது ஒரு சம்பளம் மாதிரி. கொடுப்பதற்கு முன்னால் யாரையெல்லாம் எண்ணவில்லை என்று நடந்து போய்ப் பார்க்க வேண்டும். முறையை மாற்றச் சபை கூடும்வரை காத்திருக்கிற வீட்டுக்கு, காத்திருக்கிற நாளிலும் தண்ணீர் வேண்டும். அதற்கு ஒரு வழி முதலிலேயே வைத்திருக்க வேண்டும். மீதியை உனக்காகச் சொல்கிறேன், அங்கே படிக்க வேண்டாம்.

தேசம்மா அனுப்பம்பட்டில் இருக்கிறாள் என்று அவள் அண்ணி சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பொன்னேரியில் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் வரிசையாக ஒற்றை அறைகள். அதில் ஒன்று. அவள் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறாள், சேகர் ரயில் பிடித்துக் கட்டட வேலைக்குப் போகிறான். பிள்ளைகள் அங்கேயே பள்ளிக்கூடம். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கை சொரசொரவென்று இருந்தது, சோப்புத் தூளில் வெந்து.

கவளை மீன் கொஞ்சம் கொண்டுபோயிருந்தேன். வாங்கி முகர்ந்து பார்த்தாள். ஏரி மீனா கடல் மீனா என்று கேட்கவே இல்லை, அவளுக்குத் தெரியும். ஆய்ந்துகொண்டே ஊரில் ஒவ்வொருத்தரையும் விசாரித்தாள். மல்லிகா மகளுக்குச் சடங்கு ஆயிற்றா என்றுகூடக் கேட்டாள். நான் நேரம் பார்த்துச் சொன்னேன்: நாலாம் பாடு வந்துவிட்டது, உன் அடுப்பையும் சேர்த்துத்தான் சார் எண்ணினார், வீடு அப்படியே இருக்கிறது, வந்துவிடு.

அவள் மீன் கழுவத் தண்ணீர் போதாமல் குடத்தை எடுத்துக்கொண்டு சந்துக் குழாய்க்குப் போனாள். நானும் கூடப் போனேன். குழாயடியில் இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி குடம் நிறைந்ததும் நகர்ந்தாள், இன்னொருத்தி, தேசம்மா கையில் மீன் செதிலைப் பார்த்துவிட்டு நீ முதலில் பிடித்துக்கொள் என்றாள். அவ்வளவுதான். தேசம்மா குடத்தை வைத்தாள்.

"பாத்தியாக்கா" என்றாள் என் பக்கம் திரும்பாமல். "குடத்த வச்சா தண்ணி வருது. யாரு பொண்டாட்டினு யாரும் கேக்கல."

நான் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல வேகம். வால்வு முழுதாகத் திறந்திருக்க வேண்டும்.

"வாடகை, ரயிலு, எல்லாத்துக்கும் இங்க காசுதான்" என்று அவளே மறுபடி சொன்னாள். "ஏரி நெனப்பு வந்தா ராத்திரி தூக்கம் வராது. இருந்தாலும் அந்தக் கொழாயடிக்கு என்னால திரும்ப வர முடியாதுக்கா. சின்னவ இன்னும் கேக்குறா, அந்த ஆயா நமக்கு ஏன் தண்ணி தரலைனு."

அந்த ஆயா என்றது மல்லிகாவையா என்னையா என்று நான் கேட்கவில்லை. குழம்பு வைத்துச் சோறு போட்டாள். சாப்பிட்டேன். சோறு வெள்ளையாக இருந்தது. சாயங்கால ரயிலுக்கு என்னை வந்து ஏற்றிவிட்டாள்.

மறுநாள் நாலாம் பாடு. கிழக்குக் கோடியில் வால்வைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திறந்தேன். பெண்கள் குடங்களை வரிசை வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். தேசம்மா எப்போது வருகிறாள் என்று கேட்டார்கள். வரமாட்டாள் என்றேன். தண்ணீர் வந்து எல்லாக் குடமும் நிறைந்தது. இன்னும் ஒரு வீட்டுக்கான நேரம் மீதி இருந்தது. அவள் பங்கை நாங்கள் பிரித்துக்கொள்ளட்டுமா என்று ஒருத்தி தயங்கிக் கேட்டாள். பிடித்துக்கொள்ளச் சொன்னேன். வேறு என்ன சொல்வது? வீடு பூட்டிக் கிடக்கிறது, தண்ணீரை எடுத்து வைத்துக் காக்க முடியாது.